கொய்யாமரத்து ஊட்டுப் பங்கு

முயல் வேட்டைக்குப் போகிறவன் முயல் என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் இது கட்டுப்பாடு. வலையைத் தோளில் தூக்கிய நேரத்திலிருந்து கறியைப் பங்கு போட்டு முடிக்கிறவரை அதற்குப் பெயர் நெட்டைக்காதன். பெயரைச் சொன்னால் அதற்குக் கேட்டுவிடுமாம். அத்தனை பெரிய காதை வைத்துக்கொண்டு கேட்காமலா இருக்கும் என்பார் என் தாய்மாமன். இதை நான் என் சிநேகிதனுக்கு முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவனும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு மறுநாள் என்ன செய்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இது துரைமார் காலத்து விஷயம். ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகிற வழியில், ஒரு சரிவில் எங்கள் ஊர். ஊர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆளுக்கொரு மேட்டில் ஒரு வீடு, சுற்றிலும் எங்கள் காடுகள். விளைநிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம். சாமைக் காடு, ராகிக் காடு, வேலியோரம் ஆரஞ்சும் பலாவும். எங்கள் கல்வேலி முடிகிற இடத்தில் துரையின் காப்பித் தோட்டம் தொடங்கும். ஓடைக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்டு ஒரே சுவரில் வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீடுகள். என் சிநேகிதன் அங்கே பிறந்தவன்.

அவனுடைய அப்பனும் ஆத்தாளும் கீழ்நாட்டிலிருந்து காப்பி பறிக்க மலையேறி வந்தவர்கள். அவன் காப்பிக் களத்தில் வேலை பார்த்தான். ஈரக் கொட்டையை வெயிலில் பரப்பிக் காலால் அளைந்துகொண்டே போவது, திரும்பி அளைந்துகொண்டே வருவது, அதுதான் வேலை. அந்த வேலைக்கென்றே பிறந்தவன் அவன். நின்றுகொண்டே கனவு காண்கிற சுபாவம். கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்குத் திரும்பியதே கிடையாது. இரண்டாவது கூப்பாட்டுக்கு மெல்லத் திரும்பி, என்னையா கூப்பிட்டாய் என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரிப்பான். நான் லைனுக்கு ஆரஞ்சுக் கூடை சுமந்துபோன நாட்களில் பழக்கம். நான் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறவன். அவனிடம் எரிந்து விழுந்தால் பஞ்சில் கல் போட்ட மாதிரி சத்தமே வராது. அதனாலேயே எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

அப்பன் முன்பே போய்விட்டார். அந்த வருஷத்து மழைக்காலத்தில் ஆத்தாளும் போனாள். அதற்குப் பிறகு அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டில் போட்டதைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான். எஸ்டேட் ரைட்டர் வேறு, ஒண்டியாளுக்கு ஒரு முழு வீடு எதற்கு என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, முந்தின வாரம், களத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது சொன்னான்.

"நோம்பி முடிஞ்சதும் கீழ போயிறலாம்னு இருக்கறேன்."

"கீழயா? எதுக்கு?"

"சித்தப்பன் தறி போட்டிருக்கறாரு. நூல் சுத்த ஆளில்லையாம்."

"இங்க உனக்கு என்ன கொறைச்சல்?"

அவன் காலால் ஒரு காப்பிக் கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தான். "கீழ போனா மலையான்ங்கறாங்க. இங்க இருந்தா லைன்காரன்ங்கறீங்க. ஏதாச்சும் ஒரு பக்கமாவது இருந்து பாக்கறேன்."

அந்த 'ங்கறீங்க' எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதில் நானும் இருந்தேன் அல்லவா? கோபமாகத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவன் சொன்னது நிஜம். லைன்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தால் வாசலோடு நிற்பார்கள். நில் என்று யாரும் சொல்வதில்லை. வா என்றும் யாரும் சொல்வதில்லை. அவன் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறான். எல்லா முறையும் பலாமரத்தடியில் நின்று பேசிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

அவன் போகக் கூடாது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எப்படி நிறுத்துவது என்றும் தெரியவில்லை. நோம்பிக்கு மறுநாள் ஊர் வேட்டை உண்டு. அதற்கு அவனைக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். ஒரு முயலைப் பார்த்தால் மனசு மாறிவிடுமா என்று கேட்காதீர்கள். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் வேட்டை ஒரு மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேட்டைக்கு ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரின் உத்தரவு வேண்டும்; அவர் என் தாய்மாமன்தான். லேசில் மசிகிற ஆளில்லை. நல்ல வேளையாக, வழக்கமாக வலைக்குப் பின்னால் உட்காருகிறவர் குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் விடாமல் நச்சரித்தேன். கடைசியில், "செரி, கூட்டியா. வாயைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

அன்று விடிந்ததும் தெரியவில்லை, விடியாததும் தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி. சாமை அறுத்த தாளெல்லாம் நரைத்துக் கிடந்தன. பக்கத்தில் நடக்கிறவனின் தோள் தெரியும், முகம் தெரியாது. நாய்கள் இருக்கிற இடம் அவற்றின் மூச்சுச் சத்தத்தில்தான் தெரிந்தது. வேட்டைக்குப் புறப்படுமுன் சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சியைப் பார்த்துக் கும்பிடுவது வழக்கம். உச்சியே இல்லை, வெறும் வெள்ளை. ஆனாலும் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிக் கும்பிட்டோம். சிநேகிதனும் அதே பக்கம் திரும்பினான். லைனில் பிறந்தவனுக்கும் அது எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்ததை நான் கவனித்துக்கொண்டேன்.

எங்கள் வேட்டையில் துப்பாக்கி கிடையாது. அது துரையின் சொத்து. எங்களுக்குக் கற்றாழை நாரில் பின்னிய நீள வலை ஒன்று. அதைக் காட்டின் மேல் ஓரத்தில், தொட்டால் விழுகிற மாதிரி குச்சிகளில் சாய்த்துக் கட்டுவோம். வலைக்குப் பின்னால் ஒருவன் அசையாமல் உட்காருவான்; அன்றைக்கு அங்கே என் சிநேகிதன். மற்றவர்கள் கீழ் ஓரத்திலிருந்து புதரைத் தட்டிக்கொண்டு மேலே வருவோம். ஓடி வருகிறது வலையில் விழும், வலைக்காரன் பாய்ந்து பிடிப்பான். அவ்வளவுதான் எங்கள் சாமர்த்தியம்.

முதல் காட்டில் தட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒன்று கிளம்பிவிட்டது. தாளுக்குள் சரசரவென்று ஓடுகிற சத்தம் நேரே வலையைப் பார்த்துப் போயிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். அப்போது மேலேயிருந்து என் சிநேகிதனின் குரல் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"முயலு! ஏப்பா, முயலு வருது!"

முயல் நின்றது. திரும்பியது. வந்த வழியே வந்து, என் மாமன் கால் இடுக்கில் புகுந்து போய்விட்டது. நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குரைத்தன. மாமன் கையிலிருந்த தடியைக் கீழே போட்டார். மெதுவாக மேலேறி வலைக்குப் போய் அவன் முன்னால் நின்றார்.

"ஏஞ்சாமி, இந்தப் பக்கம் வராதேன்னு அதுகிட்டச் சொல்லியனுப்புனியா?"

ஊரே சிரித்தது. அவனும் சிரித்தான், ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. மாமன் என் பக்கம் திரும்பி, "அனுப்பி உட்ரு. லைன்காரனுக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. "அவன் போனா நானும் போறனுங் மாமா. வலைய நீங்களே சுமந்துக்குங்க" என்றேன். மாமனிடம் அப்படிப் பேசுகிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில், "இன்னொரு காடு பாப்போம். வாயைத் தொறந்தான்னா உனக்குத்தான் ஒதை" என்றார்.

இரண்டாவது காடு எங்கள் அப்பனுடையது. ராகி அறுத்த காடு, சரிவு அதிகம். சிநேகிதன் வலையை ஒட்டி உட்காரப் போகும்போது நான் அவன் காதில் சொன்னேன். "எதுவும் பேசாத. மூச்சுக்கூட விடாத." அவன் தலையை ஆட்டினான். பனி அவனை விழுங்கிவிட்டது.

கீழே போய் வரிசையாக நின்று தட்டத் தொடங்கினோம். பனி இன்னும் இறுகிவிட்டது. அந்த நடையை இன்றைக்கும் தூக்கத்தில் நடப்பேன். என் தடி புதரில் விழுகிற சத்தம் எனக்கே யாரோ தூரத்தில் தட்டுவதுபோலக் கேட்டது. இடது பக்கத்து ஆள் "ஹோ" என்றால் அது வலது பக்கமிருந்து வந்தது. எஸ்டேட் மணி எங்கோ தண்ணீருக்கடியில் அடித்தது. பாதையில் பஸ் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற சத்தம், பிறகு அதுவும் இல்லை. முன்னால் ஏதாவது ஓடியதா என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆரஞ்சு மரம் வந்தது, போயிற்று. இப்படியே நடந்து மேலே போனால் அவன் அங்கே இருக்க மாட்டான், பனி விலகும்போது வெறும் காடுதான் இருக்கும் என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தட்டுவதை மறந்து வேகமாக நடந்தேன்.

நினைத்த மாதிரியே ஆயிற்று. வலை நடுவில் சரிந்து விழுந்து கிடந்தது. ஆளைக் காணோம். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். "கோவிச்சுக்கிட்டு லைனுக்குப் போயிட்டானாட்ட இருக்குது" என்றான் ஒருவன். நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். கல்வேலி ஓரத்தில் ஒரு சின்ன அசைவு.

வேலிக் கல்லில் சாய்ந்து, காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். மடியில் தலைத்துண்டு மூட்டையாகக் கிடந்தது. மூட்டையிலிருந்து இரண்டு நீளக் காதுகள் நீட்டிக்கொண்டிருந்தன. தூங்குகிற பிள்ளையை வைத்திருப்பதுபோல இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான்.

"எத்தனை நேரமா இப்படி உக்காந்திருக்கற?" என்றேன்.

அவன் மாமனைப் பார்த்தான். வாயைத் திறக்கலாமா என்று கண்ணால் கேட்டான்.

"சொல்லு கண்ணு" என்றார் மாமன்.

"நொம்ப நேரமாச்சுங்க. பேசக் கூடாதுன்னு சொன்னாங்க. அதான்."

"புடிச்சவன் ஒரு கொரல் குடுக்க வேண்டாமா?"

"என்னன்னு சொல்லிக் கூப்புடறதுங்க?"

மாமன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மூட்டையை வாங்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனார். சிநேகிதன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெறும் மடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

காட்டின் மூலையில் ஒரு தட்டைப் பாறை உண்டு. பங்கு போடுவது அதன்மேல்தான். வாழை இலையைத் துண்டு துண்டாக நறுக்கி, வீட்டுக்கு ஒன்றாக வரிசையாக வைப்பார்கள். ஒரு முயலை ஒரு ஊருக்கே பங்கு போட்டால் என்ன கிடைக்கும்? வீட்டுக்கு இரண்டு துண்டு கறி, அதிலும் ஒன்று எலும்பு. ஆனாலும் யாரும் பங்கை விட மாட்டார்கள். மாமன் ஒவ்வொரு இலையாக எடுத்து, வீட்டின் முன்னால் என்ன நிற்கிறதோ அதைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த வீட்டுக்காரன் "இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேட்டைக்கு வந்த வெளியாளுக்குச் சமைத்த கறி போடலாம், தப்பில்லை. பச்சைக் கறி ஊர்க்காரனுக்கு மட்டும்தான். பாறையில் ஒரு முறை ஒரு வீட்டைக் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் எந்த வேட்டையிலும் அதைக் கூப்பிடாமல் விடக் கூடாது.

"பலாமரத்து ஊடு!"

"இருக்குதுங்க" என்று நான் வாங்கினேன்.

"சுனை ஊடு! மொட்டப்பாறை ஊடு!"

ஒவ்வொருவராக வாங்கினார்கள். கடைசியில் ஒரே ஒரு இலை மீந்தது. அதில் முயலின் தலை இருந்தது. தலை எப்போதும் வலைக்காரனுக்கு. அதுவும் மாற்ற முடியாத வழக்கம். மாமன் இலையைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தபிறகுதான் அவருக்குச் சிக்கல் புரிந்தது. வலைக்காரனுக்குக் கொடுக்காமலும் இருக்க முடியாது, வீட்டைக் கூப்பிடாமலும் கொடுக்க முடியாது. எங்கள் வரலாற்றில் வெளியாள் ஒருவன் வலைக்குப் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. நாங்களாகவே செய்துகொண்ட தப்பு.

"பலாமரத்து ஊட்டுப் பங்குல சேத்துருங்க" என்றார் யாரோ, பிரச்சினையை முடிக்கிற குரலில். எனக்கு அந்த ஆளை அறையலாம் போல இருந்தது.

சிநேகிதன் பாறைக்கு எட்டத்தில் நின்றான், எங்கள் வீட்டுப் பலாமரத்தடியில் நிற்கிற மாதிரியே. "எனக்கு வேண்டாமுங்க. நான் நாளானைக்கு பஸ்ஸுல கீழ போறனுங்க" என்றான்.

மாமன் அதைக் காதில் வாங்கவில்லை. "உன்ற ஊட்டுக்கு முன்னால என்ன நிக்குது?" என்று கேட்டார்.

"அது எஸ்டேட் ஊடுங்க."

"அதக் கேக்கல. முன்னால என்ன நிக்குது?"

அவன் யோசித்தான். அவசரப்படுத்தினால் நடக்கிற காரியமா அவனிடம்? "எங்காத்தா வெச்ச கொய்யா ஒண்ணு நிக்குதுங்க" என்றான்.

மாமன் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் கூப்பிட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவர் தொண்டையைச் செருமினார்.

"கொய்யாமரத்து ஊடு!"

பதில் இல்லை. அவன் அப்படியே நின்றான். நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் மட்டும் அசையவில்லை. அடப்பாவி, சொல்லித் தொலையேன் என்று எனக்குள் கத்தினேன்.

"கொய்யாமரத்து ஊடு!" என்றார் மாமன் இரண்டாம் முறை.

"இருக்குதுங்க" என்றான்.

அந்த இலையை அவன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடையைத் தாண்டியதும், நான் கூடவே போனதும், ஆத்தாள் போன பிறகு அணைந்தே கிடந்த அடுப்பில் விறகு பிடிக்காமல் இருவரும் ஊதி ஊதிக் கண் சிவந்ததும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உப்பு அதிகம், காரம் இல்லை. அடியும் பிடித்துவிட்டது. அவ்வளவு மோசமான கறியை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை. அடுப்புப் புகை தகரக் கூரைக்கு மேலே போய்ப் பனியோடு சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அடுப்பு எரியுதா?" என்றுவிட்டுப் போனாள்.

இதற்குப் பிறகு அவன் தங்கிவிட்டான் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அவன் போய்விட்டான். சொன்ன நாளில், சொன்ன பஸ்ஸில். கடைவீதியில் கோபத்தோடு வழியனுப்ப நின்றேன். அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பங்கு வந்தா எடுத்து வெய்யி" என்றான்.

"கறிய எப்படிடா எடுத்து வெக்கறது?"

"அப்பத் தின்னுரு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தை நோம்பிக்கும் வேட்டை நடந்தது. ஒன்றும் சிக்காத வருஷமும் உண்டு. சிக்கிய வருஷமெல்லாம் பாறையில் இலை போடும்போது மாமன் கடைசியாக ஒரு இலை வைத்து, "கொய்யாமரத்து ஊடு" என்று கூப்பிடுவார். ஆள் இல்லாத வீட்டுக்கு வேறு ஒருவர் பதில் சொல்லி வாங்கலாம். "இருக்குதுங்க" என்று நான் சொல்வேன். அந்த லைன் வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது, அவர்கள் பிள்ளைகள்தான் கொய்யாவில் ஏறிக்கொண்டிருந்தன. இதை ஒருவர் மாமனிடம் எடுத்துச் சொன்னபோது, "மரம் நிக்குதில்ல" என்றதோடு முடித்துக்கொண்டார். நான் இரண்டு வீட்டுப் பங்கைத் தின்று வந்தேன். அதைத் தின்னும்போதெல்லாம் அவனைத் திட்டுவேன். திட்டி முடித்ததும் மனசு வெறிச்சென்று இருக்கும்.

எத்தனையாவது வருஷம் என்று சரியாக நினைவில்லை. மாமனுக்குக் குரல் தளர்ந்துவிட்டிருந்தது. அன்றும் நல்ல பனி. எல்லா வீடும் வாங்கி முடிந்தது. மாமன் கடைசி இலையை எடுத்தார்.

"கொய்யாமரத்து ஊடு."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால், பனிக்குள்ளிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. முதல் கூப்பாட்டுக்கே.

"இருக்குதுங்க."

மாமன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இலையைப் பாறையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். அந்த வருஷம் எனக்கு ஒரு பங்கு குறைந்துபோயிற்று.